யாழ்ப்பாணத்தில எது எத்தினை மணிக்கு: ஊர் சுத்தின கிழமைக் குறிப்பு

வெள்ளி, இரவு

கொழும்பில இருந்து வேலை மாறி இஞ்ச வாற ஆக்கள் கனபேர் வந்த கையோட ஒரு முடிவுக்கு வந்திடுவினம். யாழ்ப்பாணத்தில பொழுதுபோக ஒண்டும் இல்லை, எட்டு மணிக்கே ஊர் படுத்திடும், சாமான் வாங்க சூப்பர்மாக்கெட்டை விட்டா வேற வழி இல்லை எண்டு. என்ர சித்தியின்ர மகள் கொழும்பு வெள்ளவத்தையில பிறந்து வளந்தவள், இப்ப வேலை கிடைச்சு கம்பஸுக்குக் கிட்ட அறை எடுத்து இருக்கிறாள், அவளும் உதையேதான் சொன்னாள். கேக்க எனக்கு மனசு பொறுக்கேல்லை. இந்த ஊரில எது எங்க இருக்கு எண்டதை விட எது எத்தினை மணிக்கு எண்டதுதான் விசயம். மீனுக்கு ஒரு நேரம், மரக்கறிக்கு ஒரு நேரம், பாணுக்கு ஒரு நேரம், காத்து வாங்க ஒரு நேரம். அந்த நேரம் தெரியாமல் போய் நிண்டால் காஞ்ச நிலமும் பூட்டின கதவும்தான் கண்ணில படும், பிறகு ஊரைக் குறை சொல்லிக்கொண்டு வீட்டை வாறதுதான். அதால இந்தக் கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு திரியிறன், திரியிறதை அண்டண்டைக்கு இஞ்ச எழுதுறன், புதுசா வந்திருக்கிற மற்ற ஆக்களுக்கும் உதவட்டும்.

வெள்ளி எண்டால் நல்லூர். சாமி கும்பிடுறவைக்கு மட்டும் எண்டு நினைக்காதேங்கோ, வெள்ளி பின்னேரம் இந்த ஊர் ஒண்டா வெளியில வாறது அங்கதான். இப்ப இருக்கிற கோயில் 1734ல கட்டினது, நேரம் பிசகாத கோயில் எண்டு பேர் எடுத்தது, பூசைக்கு மணி அடிச்சால் சுத்தி இருக்கிற வீடுகளில மணிக்கூட்டைத் திருத்தலாம் எண்டு அம்மா ஆக்கள் சொல்லுவினம். ஆம்பிளையள் மேல்சட்டை கழட்டவேணும், அது யாரா இருந்தாலும் சரி. அர்ச்சனை ரிக்கெட் இண்டைக்கும் ஒரு ரூபாதான். தங்கச்சி ரிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாள், "அக்கா, உண்மையா ஒரு ரூபாவோ?" எண்டு. உண்மைதான். எல்லா விலையும் எங்கயோ போயிட்டுது, அது மட்டும் அப்பிடியே நிக்குது, அதில எனக்குப் பெரிய சந்தோசம்.

கும்பிட்டு முடிஞ்சால் நேர வீட்டை போற வழக்கம் இல்லை. வெளிவீதி மணலில கொஞ்சம் இருந்து, கதைச்சு, பிறகு கோயிலுக்குப் பின்பக்கமா பருத்தித்துறை றோட்டில ஐஸ்கிறீம். ரியோவும் அங்கால இங்கால இருக்கிற மற்றக் கடையளும் வெள்ளி இரவில நிரம்பி வழியும். ஸ்பெஷல் எண்டு கேட்டால் உயரக் கண்ணாடிக் கோப்பையில அடியில ஜெலி, மேல மூண்டு நாலு நிறத்தில ஐஸ்கிறீம், பழத்துண்டு, கஜு, உச்சியில வேபர்ஸ் குத்தி வரும், தனிய முடிக்கிறது கஸ்டம், ரெண்டு கரண்டி கேளுங்கோ. மற்ற ஊர்களில கோப்பிக் கடை செய்யிற வேலையை இஞ்ச ஐஸ்கிறீம் கடைதான் செய்யுது. ரியூசன் முடிஞ்ச பெடியள், வெளிநாட்டில இருந்து லீவில வந்த குடும்பங்கள், கலியாணம் பேசி முதல்தரம் முகத்துக்கு முகம் கதைக்கிற ரெண்டு பேர், அவையளுக்குக் காவலா பக்கத்து மேசையில ஒரு மாமி. இண்டைக்கும் அப்பிடி ஒரு மேசை இருந்துது. மாமி தன்ர கோப்பையை விட்டுக் கண்ணை எடுக்கேல்லை, நல்ல மனுசி.

சனி

விடிய அஞ்சரைக்கு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பாசையூர் மீன்சந்தை. ஏன் சனி எண்டால், பாசையூர் குருநகர் பக்கம் கனபேர் வேதக்காரர், கத்தோலிக்கர், ஞாயிறு பூசை நாள், கடலுக்குப் போறவை குறைவு. வெள்ளி ஊரில பாதிப்பேர் மரக்கறி, மீனுக்கு ஆக்கள் வராயினம். சனி விடியத்தான் மீனும் இருக்கும் ஆக்களும் இருப்பினம்.

அந்தோனியார் கோயிலடியைத் தாண்டி இறங்கினால் சத்தம் கேக்கும், அதுதான் ஏலம். கூறுறவர் ஒரு மூச்சில விலையை ஏத்திக்கொண்டு போவார், வாங்கிற வியாபாரியள் வாய் திறக்கமாட்டினம், ஒரு தலையாட்டல், ஒரு விரல் அசைவு, முடிஞ்சுது. நாங்கள் அதுக்குள்ள தலைபோடக்கூடாது. பக்கத்தில பெண்கள் கூறு போட்டு வச்சிருப்பினம், எங்களைப் போல வீட்டுக்கு வாங்கிற ஆக்களுக்கு அதுதான் சரி. ஒரு கூறில நாலு விளைமீன், இன்னொண்டில கொஞ்சம் ஒட்டி, அங்கால சூடை, திருக்கை, கணவாய், பெரிய பாத்திரத்தில கால் கட்டின நண்டு. மீன்ர பூவை, செவுளைத்தான், தூக்கிப் பாருங்கோ, சிவப்பா ஈரமா இருக்கவேணும், மண்ணிறம் தட்டியிருந்தால் விடுங்கோ. கண் வெளியில முட்டிக்கொண்டு பளிச்செண்டு நிக்கவேணும். நண்டைக் கையில தூக்கினால் பாரம் தெரியவேணும், பெரிசா இருந்தும் பாரம் இல்லையெண்டால் உள்ளுக்குத் தண்ணிதான், வயித்துப் பக்கம் விரலால அமத்திப் பாக்கலாம், உள்ளுக்குப் போகக்கூடாது. தங்கச்சி முதல் தொடப் பயந்தாள், பிறகு மீன் வச்சிருந்த அக்காவே அவளின்ர கையைப் பிடிச்சு நண்டைக் குடுத்தா. "பயப்பிடாத பிள்ளை, கட்டித்தான் கிடக்கு. வடிவாத் தூக்கிப் பார்." வெட்டிக் குடுக்கிற அண்ணையவை ஓரமா இருப்பினம், கறிக்கோ பொரியலுக்கோ கூழுக்கோ எண்டு சொல்லிவிட்டால் அதுக்கு ஏத்த மாதிரி வெட்டித் தருவினம். ஏழரைக்குப் பிறகு போறது வீண்.

கூழுக்குத்தான் வாங்கினது. வீட்டில மூண்டு மணிக்குக் கூழ். ஒடியல் மாவை, காயவிட்ட பனங்கிழங்கு மாவைத்தான், விடியவே தண்ணியில ஊறப்போட்டு, தண்ணியை ரெண்டு மூண்டு தரம் வடிச்சு மாத்தவேணும், இல்லாட்டிக் கைக்கும். பயத்தங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, முருங்கையிலை, கொஞ்சம் அரிசி, இதுகளை அவியவிட்டு அதுக்குள்ள மீன்தலை, நண்டு, இறால், பிறகு செத்தல் மிளகாயும் மஞ்சளும் அரைச்ச கூட்டு, பழப்புளி, கடைசியா ஒடியல் மாவைக் கரைச்சு விட்டுத் துழாவிக்கொண்டே நிக்கவேணும், கையை எடுத்தால் அடிப்பிடிக்கும். அப்பா வளவுக்குள்ள ஒரு வடலியில ஓலை வெட்டிப் பிளா கோலித் தந்தார். பிளாவில ஊத்திக் குடிக்கேக்க ஓலை மணமும் சேர்ந்து வரும், கோப்பையில அது வராது. இடையில கடிக்கத் தேங்காய்ச் சொட்டு. கடையளில கூழ் விக்கினம்தான், ஆனால் கூழ் கூடி இருந்து குடிக்கிற சாமான், எட்டுப் பத்துப் பேராவது வேணும். உங்களுக்கு இஞ்ச சொந்தக்காரர் இல்லையெண்டால் வேலையிடத்தில ஒராளிட்ட கூழ் பற்றிக் கதை குடுத்துப் பாருங்கோ, அடுத்த கிழமை வீட்டுக்குக் கூப்பிடுவினம், அவ்வளவுதான் வேணும்.

குடிச்ச பிறகு ஒருத்தரும் எங்கயும் போகேல்லை.

ஞாயிறு

ரவுணுக்குப் போகவேண்டாம், ஞாயிறு கனக்கக் கடை பூட்டு. திருநெல்வேலிச் சந்தைக்கு விடிய ஆறரை ஏழுக்குப் போங்கோ. பலாலி றோட்டில கம்பஸுக்குக் கிட்ட. கோண்டாவில், உரும்பிராய், கோப்பாய், நீர்வேலி எண்டு சுத்திவர எல்லாம் செம்மண் தோட்டம், விடியப் பிடுங்கினது அப்பிடியே வரும், வெங்காயத்தில மண் காஞ்சிருக்காது. பெரிசா மொத்தமா வாங்கவேணும் எண்டால் சுன்னாகம் சந்தை, அது வேற அளவு, வேன் கொண்டுபோற ஆக்களுக்கு. ஒராள் ரெண்டு பேர் சமையலுக்குத் திருநெல்வேலி தாராளம்.

கீரை விக்கிற ஆச்சியவை வாசலோட இருப்பினம். வல்லாரை, பொன்னாங்காணி, முளைக்கீரை, முசுட்டை, முருங்கையிலை. தங்கச்சி குனிஞ்சு, "ஆச்சி, வல்லாரை ஒரு பிடி என்ன விலை?" எண்டாள். ஆச்சி விலை சொல்லேல்லை. "விலை கிடக்கட்டும் மோனை, முதல் எடுத்து மணந்து பார்." மணந்து பாத்தாள், வாங்கினாள், ஒரு நெட்டு கறிவேப்பிலை சும்மா வந்துது. கீரைக்கு விலை குறைக்கச் சொல்லிக் கேக்காதேங்கோ எண்டு நான் எல்லாருக்கும் சொல்லுறனான், விடிய நாலு மணிக்கு எழும்பிப் பிடுங்கிக் கட்டிக் கொண்டுவாற ஆக்கள் அவையள். உடுப்புக் கடையில பேரம் பேசுங்கோ, அங்க அதுக்கு இடம் வச்சுத்தான் விலை போட்டிருப்பினம்.

வாழைப்பழம் இஞ்ச கிலோக் கணக்கு. நீர்வேலிப் பக்கத்து வாழைத்தோட்டம் பேர்போனது. கப்பல், இதரை, கதலி எண்டு மூண்டும் தொங்கும், சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிட எனக்கு இதரைதான், கப்பல் பழம் புட்டோட பிசைஞ்சு சாப்பிடுறதுக்கு.

சந்தையால வந்து கறித்தூள் திரிக்க மில்லுக்குப் போனம். இதைக் கொஞ்சம் விவரமா எழுதவேணும், ஏனெண்டால் யாழ்ப்பாணத்துச் சமையல் எல்லாம் அந்தத் தூளிலதான் நிக்குது, பக்கெட்டில வாற தூள் போட்டு இஞ்சத்த ருசி வரேல்லை எண்டு கவலைப்படுற ஆக்கள் கனபேர். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சின்னச்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை. எல்லாத்தையும் தனித்தனியா வறுக்கவேணும், ஒண்டாப் போட்டால் ஒண்டு கருகும் ஒண்டு பச்சையா நிக்கும். மிளகாய் காம்பு முறிச்சு வெய்யிலில காயவிட்டு, கறுக்கவிடாமல் மொறுமொறுப்பு வரமட்டும் வறுத்தால் காணும். அளவு வீட்டுக்கு வீடு வேற, எங்கட அம்மா மல்லி கூடப் போடுவா, பெரியம்மா வீட்டில மிளகாய் தூக்கல், அதில சண்டை பிடிக்கிறதில பிரயோசனம் இல்லை.

எங்கட சந்தி மில் ஞாயிறு மத்தியானம் வரைக்கும் திறந்திருக்கும். மாவுக்கு ஒரு மெசின், தூளுக்கு ஒரு மெசின், தூள் மெசினடியில தும்மாமல் நிக்க ஏலாது. எங்களுக்கு முதல் ஒரு அம்மா கனடாவுக்கு மகளுக்கு அனுப்பத் திரிச்சுக்கொண்டு நிண்டா, மில்காரத் தம்பி கடைசிப் பிடித் தூள் வரமட்டும் பெட்டியைத் தட்டித் தட்டி எடுத்துக் குடுத்தான், ஒரு கரண்டி மிஞ்சினாலும் அது அவையின்ரதாம். எங்கட தூள் வரேக்க கைபொறுக்காத சூடு. அப்பிடியே போத்தலில அடைச்சால் வேர்த்துக் கட்டிபட்டிடும், பேப்பர் விரிச்சுப் பரவி நல்லா ஆறின பிறகுதான் மூடவேணும். அறையில வாடகைக்கு இருக்கிற பிள்ளையள் வறுக்க வசதி இல்லையெண்டு விடாதேங்கோ, வறுத்து அரைச்சுத் தாற மில்லும் இருக்கு, அரைக் கிலோவுக்கும் செய்வினம், கேட்டுப் பாருங்கோ.

மத்தியானம் படுக்கை. இந்த ஆனி வெய்யிலுக்கு பன்னெண்டில இருந்து மூண்டரை மட்டும் ஊரில ஒரு அலுவலும் பாக்க ஏலாது, பாக்கவும் வேண்டாம்.

அஞ்சரைக்குப் பண்ணைக் கடற்கரை. இப்ப சோழகக் காத்து பெலமா வீசுது, பண்ணைப் பாலத்தடியில நிண்டால் சீலைத்தலைப்பு கையில நிக்காது. ஒரு பக்கம் கோட்டை, ஒல்லாந்தர் 1658ல போர்த்துக்கேயரிட்ட இருந்து பிடிச்சு ஐஞ்சு மூலையாப் பெருப்பிச்சுக் கட்டினது, மற்றப் பக்கம் முழங்காலளவு கடல், அதுக்குள்ள நடந்து வலை இழுக்கிறவை. கோட்டைக்குள்ள போறதெண்டால் பொழுதுபட முன்னம் போயிடுங்கோ, மதிலுக்கு மேல ஏறி நிண்டு பாத்தால் நூலகத்தின்ர வெள்ளைக் குவிமாடமும் பக்கத்தில புது கலாச்சார மையக் கட்டடமும் தெரியும். நூலகத்தை அவள் படத்திலதான் பாத்திருக்கிறாள். 1981 ஜூனில எரிச்சது, 97,000க்குக் கிட்டப் புத்தகம் போனது எண்டதெல்லாம் அவளுக்குத் தெரியும். நான் சொன்னது வேற: இப்ப அங்க இருந்து படிக்கிறவை நிறைய, சோதினைக்குப் படிக்கிற பிள்ளையள், பேப்பர் வாசிக்கிற பென்சன்காரர், வேலை நாளில ஒருக்கா உள்ளுக்குப் போய் இரு, பாத்துப் படம் எடுத்துட்டு வாற இடம் இல்லை அது.

பண்ணையில கச்சான், அவிச்ச சோளம், கடலை, மாங்காயில உப்பும் தூளும் போட்டது. சாப்பிட்ட பையைக் கையில வச்சிருங்கோ. காத்துக்கு ஒரு பை பறந்தால் நேர கடலுக்குள்ளதான், அந்தத் தண்ணியிலதான் நேத்து நாங்கள் வாங்கின நண்டு வளருது.

திங்கள்

வேலை நாள், கனக்க இல்லை. பின்னேரம் நாலு மணிக்குப் பேக்கரியில சுடச்சுடப் பாண் இறங்கும், பணிஸும் அப்பதான், அஞ்சரைக்குப் போனால் ஆறின பாண். பேக்கரி தூரம் எண்டால் பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டோவில பாண் வரும், சத்தம் கேட்டு ஒழுங்கை வாசலுக்குப் போனால் காணும், றோல்ஸ், மீன் வச்ச மாலுபாண் எல்லாம் இருக்கும்.

பிறகு ஆரியகுளம். 2021 கடைசியில குளத்தைத் திருத்திச் சுத்திவர நடைபாதை போட்டுத் திறந்தவை, அதுக்கு முதல் மூக்கைப் பொத்திக்கொண்டு போன இடம். இப்ப பின்னேரம் குடும்பம் குடும்பமா நடக்கினம். தனிய நடக்கிற பெண்பிள்ளையளுக்கு நான் இதைத்தான் சொல்லுவன், வெளிச்சமும் இருக்கு, ஆக்களும் இருக்கினம். மர நிழல்தான் வேணும் எண்டால் கண்டி வீதியில பழைய பூங்கா, வெள்ளைக்காரன் காலத்தில அரசாங்க ஏசண்டா இருந்த டைக் துரை உண்டாக்கினது, பெரிய பெரிய மரம், விடியப் போறது நல்லம்.

புதன்

"பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காது" எண்டு சொல்லுவினம், அதால ரவுண் அலுவல் எல்லாம் இண்டைக்கு. நாலரைக்கு பஸ் ஸ்டாண்டில இறங்கினம். பஸ் ஸ்டாண்டைச் சுத்தித்தான் எல்லாம் இருக்கு, வாகனம் கொண்டு வந்தால் நிப்பாட்ட இடம் தேடியே அரை மணித்தியாலம் போயிடும், பஸ்ஸில வந்து நடக்கிறது மேல். அவசரத்துக்குப் பிக்மீ எண்ட போன் ஆப்பில ஓட்டோ பிடிக்கலாம், வீதியில நிக்கிற ஓட்டோ எண்டால் ஏற முதல் விலை பேசுங்கோ.

நவீன சந்தையும் பெரியகடையும் உடுப்பு, செருப்பு, பாத்திரம், பூசைச் சாமான். அதுக்குள்ள ஒரு கடையில விலை கேட்டு அடுத்த கடைக்குப் போறது வழக்கம்தான், ஒருத்தரும் கோவிக்கமாட்டினம். புடவைக் கடையில இருந்து பாக்கச் சொல்லிக் கதிரை போடுவினம், ஒண்டும் வாங்காமல் எழும்பினாலும் "பிறகு வாங்கோ" எண்டுதான் சொல்லுவினம். சட்டை தைக்கக் குடுக்கிறதெண்டால் இப்பவே குடுங்கோ, நல்லூர்த் திருவிழாவுக்குக் கொடி ஏறக் கிட்ட தையல்காரர் ஒருத்தரும் புதுத் துணி எடுக்கமாட்டினம்.

கஸ்தூரியார் வீதி முழுக்க நகைக்கடை. அவளின்ர அம்மா ஒரு சோடி தோடு பாத்து விலை கேட்டுச் சொல்லச் சொன்னவா. பவுண் விலை அண்டண்டைக்கு எழுதிப் போட்டிருக்கும், அதோட செய்கூலி, சேதாரம் எவ்வளவு எண்டு பிரிச்சுக் கேளுங்கோ, மொத்த விலை மட்டும் சொன்னால் விடாதேங்கோ. பில்லில கரட்டும் நிறையும் எழுதி இருக்கோ எண்டு பாக்கவேணும். கடைக்காரர் ஐயா ஒருத்தர் தோட்டைத் தராசில வச்சு, கண்ணாடிப் பெட்டியைச் சாத்தி, ஊசி நிக்கமட்டும் பேசாமல் இருந்தார், பிறகுதான் எங்களைப் பாத்தார். விலைக்கு முதல் நிறையைக் காட்டுற கடைக்குத்தான் நான் திரும்பப் போவன்.

பூபாலசிங்கம் புத்தகசாலையில அவள் ரெண்டு புத்தகம் எடுத்தாள், நான் உதயன் பேப்பர். பனை அபிவிருத்திச் சபையின்ர கற்பகம் கடையில பனங்கட்டி, புழுக்கொடியல், பனாட்டு, ஓலைப் பெட்டி. பனஞ்சாமானுக்கும் மாசம் இருக்கு: இப்ப நுங்கு, ஆவணி புரட்டாசியில பனம்பழம், வீட்டுக்கு வீடு பனங்காய்ப் பணியாரம் மணக்கும், தை மாசி கிழங்கு, அதைக் காயவிட்டால் ஒடியல். பனங்கட்டி ஓலைக் குட்டானோட வாங்குங்கோ, தேத்தண்ணிக்குக் கடிச்சுக் குடிக்கலாம், சீனி வேண்டாம்.

இரவுச் சாப்பாடு மலாயன் கபே. பெரியகடைப் பக்கம், பழைய சைவக் கடை. வாழையிலையில தோசை, வடை, சம்பல், சொதி, சாப்பிட்டு முடிய இலையை நாங்களே கொண்டுபோய்ப் போடவேணும். வெளியில வர ஏழரை, கடையள் ஒவ்வொண்டாக் கதவு இழுக்கத் தொடங்கிட்டுது. கிராமப் பக்கம் போற பஸ் இரவு ஆக ஆகக் குறையும், அதை நினைவில வச்சிருங்கோ.

வியாழன்

படத்துக்குப் போனம். ஆஸ்பத்திரி வீதியில கார்கில்ஸ் ஸ்குவாரில தியேட்டர் இருக்கு, 2013ல திறந்த கட்டடம், ஏசி, எஸ்கலேட்டர், கேஎப்சி, கீழ பூட் சிற்றி சூப்பர்மாக்கெட். கொழும்பு மோலோட ஒப்பிட்டால் சின்னன், ஆனால் வெய்யில் நேரம் பிள்ளையளோட போக அதுதான் வசதி. ராஜா, செல்வா தியேட்டர்களில புதுப்படம் முதல் நாள் பாக்கிறது வேற, விசிலும் பேப்பரும் பறக்கும், பெடியளுக்கு அதுதான் திருவிழா.

விளையாட்டுப் பாக்கிற ஆக்கள் பங்குனியை விடாதேங்கோ. யாழ் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸுக்கும் வடக்கின் பெரும் போர், 1904ல தொடங்கின கிரிக்கெட் மச், பழைய மாணவர் உலகமெல்லாம் இருந்து வருவினம், பாண்ட் வாத்தியம், கொடி, றோட்டு முழுக்க ஊர்வலம். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைப் பட்டம். இதுக்கெல்லாம் இப்பவே கலண்டரில குறிச்சு வைக்கலாம்.

சனி, காரைநகர்

ஊரை விட்டு வெளியில போற நாள். தீவுப்பக்கம் இப்ப வேண்டாம் எண்டு முடிவெடுத்தம், சோழகத்துக்கு நெடுந்தீவுப் போட் நல்லா ஆட்டும், கடல் பழக்கம் இல்லாத ஆக்கள் தை மாசிக்குப் பிறகு காத்து அடங்கின நேரம் போறது நல்லம். அதால காரைநகரில கசோரினா கடற்கரை.

ரவுணில இருந்து காரைநகர் பஸ், பொன்னாலைப் பாலத்தில ரெண்டு பக்கமும் கடல், யன்னல் பக்கம் இருங்கோ. ஒன்பதுக்கு முதல் போய்ச் சேரவேணும், பத்துக்குப் பிறகு மணல் கால் வைக்கவிடாது. சவுக்கு நிழல், கரையில இருந்து கன தூரம் போனாலும் இடுப்பளவு தண்ணி, நீந்தத் தெரியாத சின்னனுகளுக்கும் பயமில்லை எண்டாலும் கண்ணை எடுக்காதேங்கோ. சாப்பாடு கட்டிக்கொண்டு போறது மேல். நாங்கள் புட்டும் முட்டைப்பொரியலும் வாழையிலையில கட்டிக்கொண்டு போனம், திண்டு முடிய இலையை மண்ணில தாட்டம், மற்றக் குப்பையைத் திருப்பிக் கொண்டுவந்தம். போன கிழமை வந்த ஆக்கள் விட்டுட்டுப்போன போத்தலும் லஞ்சீட்டும் சவுக்கடியில கிடக்குது, பாக்க வயிறு எரியுது, இவ்வளவு வடிவான கரையை இப்பிடிச் செய்ய எப்பிடித்தான் மனம் வருதோ.

திரும்பி வரேக்க கீரிமலை. கடலுக்குப் பக்கத்திலயே நன்னீர்க் கேணி, ஆம்பிளையளுக்கு வேற பெண்களுக்கு வேற, கடலில குளிச்ச உப்பு எல்லாம் ஒரு முழுக்கில போயிடும். ஆடி அமாவாசைக்குத் தகப்பனுக்கு விரதம் பிடிக்கிறவை வந்து தீர்த்தமாடுற இடம், அண்டைக்குக் கால் வைக்க இடம் இராது, உல்லாசத்துக்கு வாறதெண்டால் வேற நாள் வாங்கோ.

கடைசியாச் சுன்னாகத்தில இறங்கி மாம்பழம். கறுத்தக்கொழும்பான் இப்ப முடியிற காலம், இன்னும் கொஞ்ச நாளில கிடையாது. வெளியில பச்சையாத்தான் இருக்கும், மஞ்சள் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டால் உள்ளுக்கு அளிஞ்சிடும். காம்படியில மணந்து பாருங்கோ, மணம் வந்தால் பழம். தோள் ரெண்டும் உருண்டு காம்பு குழிக்குள்ள போயிருந்தால் முத்தின காயில பழுத்தது, தோள் சரிஞ்சிருந்தால் பிஞ்சில பிடுங்கிப் பழுக்க வச்சது, அது புளிக்கும். கடைக்காரர் அண்ணை, "எங்க அனுப்பவோ, இஞ்சயே சாப்பிடவோ?" எண்டு முதல் கேட்டார். வெள்ளவத்தைக்கு எண்டு சொல்ல, பழுத்தது எல்லாத்தையும் பெட்டிக்கு வெளியில எடுத்து வச்சிட்டு, விறைப்பாக் கிடந்த அரைப்பழமாப் பொறுக்கி, காம்பு நீட்டா இருக்கிறதுகளை மேல்பக்கமாத் திருப்பி, வைக்கோல் ஒரு அடுக்கு பழம் ஒரு அடுக்கா அடுக்கிக் கட்டித் தந்தார். கொழும்பு இரவு பஸ்காரர் பார்சல் எடுப்பினம், பஸ் வெளிக்கிட ஒரு மணித்தியாலம் முந்திக் குடுக்கவேணும், பெட்டியில பேரும் போன் நம்பரும் பெரிசா எழுதவேணும், பாரச் சாமானுக்கு மேல வைக்கச் சொல்லி வாயால சொல்லவும் வேணும். சித்தி நாளைக்கு விடிய அஞ்சு மணிக்கு வெள்ளவத்தைச் சந்தியில நிண்டு எடுப்பா, செவ்வாய் புதனுக்குச் சாப்பிடப் பதமா வரும், அதுவரைக்கும் பிரிட்ஜுக்குள்ள வைக்கவேண்டாம் எண்டு தங்கச்சி இப்ப போனில சொல்லிக்கொண்டு நிக்கிறாள்.